அப்பா அம்மாவ வெளிநாட்டுக்கு அனுப்பறீங்களா? டிராவல் இன்சூரன்ஸ் எப்படி பாத்து எடுக்கறதுன்னு சொல்றேன்

டிக்கெட் போட்டாச்சு, விசா வந்தாச்சு, பருப்புப் பொடி கறிவேப்பிலப் பொடி எல்லாம் கவர் மேல கவர் போட்டு டேப் ஒட்டி பெட்டில வெச்சாச்சு, கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி யாராவது ஒருத்தர் "ஆமா, இன்சூரன்ஸ் போட்டீங்களா"ன்னு கேப்பாங்க, உடனே பையனோ பொண்ணோ ஃபோன எடுத்து எது ரேட்டு கம்மியோ அத அமுக்கி பணத்த கட்டி பிடிஎஃப்ப அப்பாவுக்கு வாட்ஸப்ல தட்டி விட்ருவாங்க. அவர் அத திறந்து கூட பாக்க மாட்டார். நம்ம வீடுகள்ல டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கற லட்சணம் பெரும்பாலும் இதான்.

அதனால மொத தடவையா எடுக்கறவங்களுக்கு, முக்கியமா அறுபது தாண்டின அப்பா அம்மாவ அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ அனுப்பறவங்களுக்கு, என்ன பாக்கணும் எந்த வரிசைல பாக்கணும்னு சொல்லிடறேன். ஒரே ஒரு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க: க்ளெய்ம் வருமா வராதாங்கறது ஆஸ்பத்திரில முடிவாகறதில்ல, நீங்க ஃபார்ம் நிரப்பற அன்னிக்கே பாதி முடிவாகிடுது.

1. இது எதுக்குன்னு தெளிவாகிடுங்க

ஊர்ல நமக்கு இருக்கற ஹெல்த் இன்சூரன்ஸ், அது ஆபீஸ்ல குடுத்ததா இருந்தாலும் சரி, தனியா எடுத்த ஃபேமிலி ஃப்ளோட்டரா இருந்தாலும் சரி, பெரும்பாலும் இந்தியாவுக்குள்ள பாக்கற வைத்தியத்துக்குத்தான். "எங்கப்பாவுக்கு பத்து லட்சம் கவர் இருக்கே"ன்னு சொல்றவங்க இருக்காங்க, அந்த பத்து லட்சம் சென்னை ஏர்போர்ட்டோட நின்னுடும்.

டிராவல் பாலிசின்னு ஒண்ணு வாங்கினா அதுக்குள்ள பல சமாச்சாரம் சேந்து இருக்கும். வெளிநாட்டுல திடீர்னு உடம்பு முடியாம போனாலோ அடிபட்டாலோ ஆஸ்பத்திரி செலவு, நிலைமை மோசமா இருந்தா வேற ஆஸ்பத்திரிக்கோ ஊருக்கோ கொண்டுவர செலவு, இறந்து போனா உடல ஊருக்கு அனுப்பற செலவு, பெட்டி தொலஞ்சா ஒரு தொகை, பெட்டி லேட்டானா ஒரு தொகை, ஃப்ளைட் லேட்டு, டூர் கேன்சல், பாஸ்போர்ட் தொலஞ்சா புதுசு எடுக்கற செலவு, நம்மளால வேற யாருக்காவது நஷ்டம் வந்தா அதுக்கு ஒரு கவர். மெடிக்கல்தான் இதுல சோறு, மத்ததெல்லாம் தொட்டுக்க. பெட்டிக்கு எவ்ளோ தர்றான்னு பாத்து பாலிசி தேர்ந்தெடுக்கறவங்கள பாத்தா எனக்கு கொஞ்சம் கோவமே வரும், பெட்டி போனா ஒரு லட்சம் போகும், அட்மிட் ஆனா வீடே போகும்.

அமெரிக்காவுல எமர்ஜென்சி ரூமுக்கு போனா "மொதல்ல பணம் கட்டுங்க"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. 1986ல வந்த ஒரு சட்டப்படி, மெடிக்கேர்ங்கற அந்த ஊர் அரசு இன்சூரன்ஸ்லேர்ந்து பணம் வாங்கற ஆஸ்பத்திரிங்க, அதாவது கிட்டத்தட்ட எல்லா ஆஸ்பத்திரியும், எமர்ஜென்சின்னு வந்தவர பரிசோதிச்சு நிலைமைய கட்டுக்குள்ள கொண்டு வந்தே ஆகணும், கட்ட வழி இருக்கா இல்லையான்னு பாக்கக் கூடாது. நம்ம ஊர்ல அட்வான்ஸ் கட்டாம ஸ்ட்ரெச்சர் நகராதுங்கற பழக்கத்துல இருக்கறவங்களுக்கு இது ரொம்ப நல்லதா தெரியும், ஆனா நல்லதுன்னு நினைச்சிட்டு வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் கழிச்சு தபால் வர ஆரம்பிக்கும், ஆஸ்பத்திரி பில் தனியா, பாத்த டாக்டர் பில் தனியா, ஸ்கேன் படிச்சு ரிப்போர்ட் எழுதினவர் பில் தனியா, ஆம்புலன்ஸ் பில் தனியா. ஒரு ராத்திரி நெஞ்சு வலின்னு போய் ஒண்ணுமில்ல வெறும் வாயுதான்னு அனுப்பி வெச்சா கூட ஆயிரக்கணக்குல டாலர் ஆகிடும்.

2. போற நாட்டோட ரூல் என்னன்னு பாருங்க

ஐரோப்பா டூர்னா உங்களுக்கு சாய்ஸே கிடையாது. ஷெங்கன் விசாவுக்கு, அதாவது பல ஐரோப்பிய நாட்டுக்கும் சேத்து குடுக்கற ஒரே விசாவுக்கு, இன்சூரன்ஸ் கட்டாயம், குறைஞ்சது 30,000 யூரோ மெடிக்கல் கவர் இருக்கணும், நம்ம பணத்துக்கு முப்பது லட்சத்த ஒட்டி வரும். அவசர சிகிச்சை, ஆஸ்பத்திரி அட்மிஷன், வைத்தியத்துக்காக ஊருக்கு திருப்பி அனுப்பறது, இறப்பு, இது அத்தனையும் அதுல அடங்கணும். நீங்க போறது பாரிஸ் மட்டும்னாலும் 29 ஷெங்கன் நாட்டுக்கும் செல்லணும், தங்கற மொத்த நாளுக்கும் இருக்கணும். ஃப்ளைட் லேட்டாகி ஒரு நாள் கூட ஆகலாம் இல்லையா, அதனால முன்னயும் பின்னயும் ரெண்டு மூணு நாள் சேத்தே போடுங்க, அதுக்கு ஆகற எக்ஸ்ட்ரா பணம் காபி செலவுதான்.

ஒண்ணு நிறைய பேருக்கு தெரியாது. மல்டிபிள் என்ட்ரி விசா கிடைச்சிருந்தா, அப்ளை பண்ணும்போது மொத பயணத்துக்கு மட்டும் இன்சூரன்ஸ் காட்டினா போதும். அடுத்தடுத்த தடவை போறப்போ தனியா எடுத்துக்கறேன்னு நீங்க அந்த ஃபார்ம்லயே கையெழுத்து போட்டிருப்பீங்க, அத மறந்துட்டு ரெண்டாவது தடவை வெறுங்கையோட கிளம்பிடறாங்க.

அமெரிக்கா விசிட்டர் விசாவுக்கு, அதாங்க பி1/பி2, இன்சூரன்ஸ் கட்டாயம் இல்ல. கட்டாயம் இல்லாததாலயே எடுக்காம போறவங்க ஜாஸ்தி, செலவு உலகத்துலயே அதிகம் ஆகற ஊருக்கு வெறுங்கையோட, 30,000 யூரோ இருந்தா சமாளிக்கற ஊருக்கு கட்டாயத்தோட, கூத்தப் பாருங்க. படிப்பு, ஆராய்ச்சி பரிமாற்றத்துக்குன்னு ஜே-1 விசால போறவங்களுக்கு மட்டும் ஒரு அளவு வெச்சிருக்காங்க, ஒரு நோய்க்கோ விபத்துக்கோ 1,00,000 டாலர், வெளியேத்தி கொண்டு வர 50,000, உடல அனுப்ப 25,000. விசிட்டர் விசால போற பெரியவங்களுக்கும் இந்த கணக்க ஒரு அளவுகோலா வெச்சுக்கலாம்ங்கறது என் அபிப்ராயம்.

வேலைக்கு கல்ஃப் போறவங்களுக்கு இது வேற கதை. பாஸ்போர்ட்ல இசிஆர் (வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி வேணும்ங்கற குறிப்பு) இருந்து வேலை விசால போறவங்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம், 2 வருஷத்துக்கு 275 ரூபா, 3 வருஷத்துக்கு 375 ரூபா, விபத்துல இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். ஏஜெண்ட் எடுத்து குடுத்துடுவார், ஆனா பேப்பர் வீட்டுல இருக்கவங்க கைல ஒரு காப்பி இருக்கணும், அங்க ஒண்ணுன்னா அலைய போறது வீட்டுல இருக்கவங்கதான்.

3. எவ்ளோ கவர்ங்கறத விட சப்-லிமிட்ட பாருங்க

50,000 டாலர், 1 லட்சம் டாலர், 5 லட்சம் டாலர்னு பெருசு பெருசா போட்டிருக்கும். அறுபது வயசு தாண்டினவங்க பாலிசில அந்த பெரிய நம்பருக்கு கீழ ஒரு டேபிள் ஒளிஞ்சிருக்கும், ரூம் வாடகை ஒரு நாளைக்கு இவ்ளோதான், ஐசியு இவ்ளோதான், ஆபரேஷன் பண்ற டாக்டருக்கு இவ்ளோதான், மயக்க மருந்து டாக்டருக்கு அதுல இத்தன சதவீதம், ஆம்புலன்ஸ் இவ்ளோதான்னு. இதத்தான் சப்-லிமிட்னு சொல்றது.

சும்மா ஒரு கணக்கு போட்டு பாப்போம். பாலிசி 1,00,000 டாலர், ஐசியு சப்-லிமிட் நாளைக்கு 2,000, டிடக்டிபிள் 100ன்னு வெச்சுக்கோங்க. ஆஸ்பத்திரி ஐசியுவுக்கு நாளைக்கு 8,000 போட்டு மூணு நாள் வெச்சிருந்தா அந்த வரி மட்டும் 24,000. கம்பெனி தர்றது மூணு நாளுக்கு 6,000, அதுல மொதல்ல உங்க பங்கு 100 கழிச்சு 5,900. மிச்சம் 18,100 யார் தலைல? ஒரு லட்சம் கவர்ல தொண்ணூறு ஆயிரத்துக்கு மேல இன்னும் தொடாம அப்படியே கெடக்கு, ஆனா உங்க கைக்கு வராது. அதனாலதான் சொல்றேன், சப்-லிமிட் இல்லாத 50,000, சப்-லிமிட் போட்ட 1 லட்சத்த விட மேல். வயசானவங்களுக்கும் சப்-லிமிட் இல்லாத ப்ளான் கிடைக்குது, ப்ரீமியம் ஜாஸ்திதான், மெடிக்கல் டெஸ்ட் கேட்டாலும் கேப்பாங்க.

அமெரிக்கா போறவங்களுக்கு இன்னொரு வழி, அங்க இருக்கற பையனே அங்கத்த விசிட்டர் ப்ளான் எடுத்து தர்றது. அதுல ரெண்டு ஜாதி. ஒண்ணு ஃபிக்ஸட் பெனிஃபிட், ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்ளோன்னு முன்னாடியே எழுதி வெச்சிருப்பான், நம்ம சப்-லிமிட் கதையேதான், வெலை மலிவு. இன்னொண்ணு காம்ப்ரிஹென்சிவ், டிடக்டிபிள் போக மிச்சத்துல பெரும்பகுதிய கவர் தொகை வரைக்கும் குடுத்துடுவான், பிபிஓன்னு சொல்ற நெட்வொர்க் டாக்டர், ஆஸ்பத்திரிங்க இருக்கும், அவங்க பில்ல நேரா கம்பெனிக்கே அனுப்ப வாய்ப்பு அதிகம். அங்க இருக்கற டாக்டர்ங்களுக்கு பழக்கமான கார்டுங்கறதால ரிசெப்ஷன்ல முழிக்க வேண்டியதில்ல.

அப்போ நம்ம ஊர் பாலிசி வேஸ்ட்டான்னா, இல்ல. ரூபால கட்டறோம், வெலை கம்மி, ஏதாவது தகராறு வந்தா சென்னைல உக்காந்து சண்டை போடலாம். அமெரிக்க ப்ளான்ல ரிஜெக்ட் ஆனா அந்த ஊர் வழிமுறைலதான் போகணும். பெருசா வியாதி இல்லாத அம்பத்தஞ்சு வயசுக்காரருக்கு நம்ம ஊர் நல்ல பாலிசி போதும், அறுவத்தஞ்சு தாண்டி ஆறு மாசம் தங்கப் போறவருக்கு காம்ப்ரிஹென்சிவ் எடுங்க, இது நான் எல்லார்ட்டயும் சொல்றது. பெரும்பாலான இந்திய கம்பெனிங்க ஆள் ஊர்ல இருக்கும்போதுதான் பாலிசி குடுக்கும், ப்ளேன் ஏறின பெறகு "அய்யோ மறந்துட்டோமே"ன்னு போட முடியாது.

4. ஃபார்ம்ல பிபி சுகர் மறைக்காதீங்க

இங்கதான் நம்ம ஆளுங்க பெருசா வழுக்கறது. ஆன்லைன்ல "ஏதாவது ஏற்கனவே நோய் இருக்கா"ன்னு கேக்கும், "இல்ல"ன்னு தட்டினா ப்ரீமியம் கம்மி, அடுத்த பக்கம் டக்குன்னு வரும். "இருக்கு"ன்னு தட்டினா பத்து கேள்வி. அதுவும் நம்ம வீட்டுல பிபி சுகர் எல்லாம் நோய்னே கணக்குல கிடையாது, "சுகர் லைட்டா இருக்கு, மாத்திரை போடறார், மத்தபடி நல்லாத்தான் இருக்கார்"னு சொல்லி "இல்ல"ன்னு போட்டுடுவாங்க. சில ஏஜெண்ட்டுங்களே "எதுக்கு சார் வம்பு"ன்னு அப்படி போட சொல்றதும் நடக்குது.

இது எப்படி வெளிய வரும்னு நினைக்கறீங்க? கம்பெனி துப்பறிய ஆள் அனுப்பறதே தேவையில்ல. எமர்ஜென்சில படுத்திருக்கற அம்மாகிட்ட நர்ஸ் வந்து மொத கேள்வியே என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னுதான் கேப்பாங்க, கூட நிக்கற மருமக அம்மாவோட மாத்திரை டப்பாவ திறந்து ஒவ்வொண்ணா காட்டுவா, காலைல இது, ராத்திரி இது, பன்னெண்டு வருஷமா போடறாங்கன்னு சொல்லுவா, சொல்லித்தான் ஆகணும், சொல்லலேன்னா தப்பான மருந்து குடுத்துடுவாங்க. அது அப்படியே சார்ட்ல ஏறும், டிஸ்சார்ஜ் சம்மரில மொத வரில "பன்னெண்டு வருஷ சர்க்கரை நோயாளி"ன்னு பிரிண்ட் ஆகி வரும். க்ளெய்ம் டிபார்ட்மெண்ட்ல அத எடுத்து உங்க ஃபார்ம் பக்கத்துல வெச்சு பாத்தா முடிஞ்சுது. போதாததுக்கு ஊர்ல பாக்கற ஃபேமிலி டாக்டர்கிட்டேர்ந்து பழைய சீட்டு வேணும்னு கேட்டு மெயில் வரும்.

உண்மைய சொன்னா மட்டும் குடுத்துருவானான்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஏற்கனவே இருக்கற நோய்க்கு பெரும்பாலான பாலிசில ரெகுலர் வைத்தியம் கவர் ஆகாது, உயிருக்கு ஆபத்துங்கற அவசர நிலைக்கு மட்டும் ஒரு தொகை வரைக்கும் குடுப்பாங்க. அமெரிக்க ப்ளான்கள்லயும் இதே மாதிரி, இருக்கற நோய் திடீர்னு தீவிரமானா மட்டும்னு ஒரு ஷரத்து போட்டு, அதுக்கும் வயசு வரம்பு, இத்தன மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி போயிருக்கணும்னு எல்லாம் இருக்கும். உண்மைய சொல்லி எடுத்தா அந்த கொஞ்சமாவது கிடைக்கும், அத விட முக்கியம், வழுக்கி விழுந்து கை ஒடஞ்சா சுகருக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு தெம்பா கேக்கலாம். மறைச்சிருந்தா "நீங்க பொய் சொல்லி எடுத்த பாலிசி"ன்னு மொத்தத்தையுமே தூக்கி கெடாச கம்பெனிக்கு ஒரு பிடி கிடைச்சிடும்.

ஸ்டெண்ட் வெச்சிருந்தா, பைபாஸ் ஆகியிருந்தா, கேன்சர் ட்ரீட்மெண்ட் எடுத்திருந்தா, எந்த வருஷம்னு தேதியோட எழுதுங்க. ஆன்லைன்ல அதுக்கு கட்டம் இல்லேன்னா கம்பெனிக்கு மெயில் போட்டு பதில் வாங்கி வெச்சுக்கோங்க, ஃபோன்ல பேசினது எதுக்கும் உதவாது. அப்புறம் மாத்திரை, தங்கப் போற நாளுக்கும் மேல கொஞ்சம் கணக்கு பண்ணி, டாக்டர் சீட்டோட, கைப்பைல எடுத்துட்டு போங்க. ஊர்ல பட்டைக்கு நூறு ரூபா ஆகற மாத்திரைக்கு அங்க டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கி சீட்டு எழுதி வாங்கணும், அத எந்த இன்சூரன்ஸும் தராது.

5. எது கிடையாதுங்கற பக்கத்த மொதல்ல படிங்க

பாலிசி வேர்டிங்னு முப்பது நாப்பது பக்கம் வரும். முழுக்க படிக்க யாருக்கும் பொறுமை இல்ல, எனக்கும் இல்ல. விலக்குகள்னு ஒரு பகுதி இருக்கும், அத மட்டுமாவது படிச்சிருங்க. வழக்கமான செக்கப், கண்ணாடி, பல் சுத்தம் பண்றது, வைத்தியம் பாக்கறதுக்குன்னே போறது, பிரசவம், இதெல்லாம் பொதுவா கிடையாது. பல்லுக்கு திடீர் வலிக்கு மட்டும் ஒரு சின்ன தொகை இருக்கும். தண்ணி போட்டு விழுந்து அடிபட்டா கிடையாது, ரத்தத்துல ஆல்கஹால் எவ்ளோன்னு ஆஸ்பத்திரில டெஸ்ட் எடுத்து எழுதிடுவாங்க.

பசங்க தாய்லாந்து போறப்போ மாட்டிக்கற இடம் ஸ்கூட்டர். ஃபுக்கெட்ல எறங்கின உடனே பாஸ்போர்ட்ட காட்டி வாடகைக்கு ஸ்கூட்டர் எடுத்துட்டு சுத்துவாங்க. ஊர்ல கார் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கும், டூ வீலர் லைசென்ஸ் இருந்தாலும் ஆர்டிஓல வாங்கற இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் இருக்காது. வளைவுல மணல்ல சறுக்கி முட்டி பேந்துட்டா கம்பெனி கேக்கற மொத காயிதம் அந்த லைசென்ஸ்தான். ஹெல்மெட் போட்டிருந்தீங்களான்னும் கேப்பாங்க. பெர்மிட் வாங்கறது பெரிய வேலை இல்ல, ஒரு வருஷம் செல்லும், போறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க, இல்லேன்னா டாக்ஸில போங்க.

அப்புறம் முக்திநாத், கைலாஷ் யாத்திரை போறவங்க. நம்ம பக்கம் அறுவது எழுவது வயசுக்காரங்க கூட்டமா போற இடம் இது. முக்திநாத்தே கிட்டத்தட்ட 3,800 மீட்டர், கைலாஷ் பரிக்ரமால டோல்மா லா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல. சாதாரண டிராவல் பாலிசில இத்தன மீட்டர் உயரத்துக்கு மேல கவர் இல்லன்னு ஒரு வரி இருக்க வாய்ப்பு உண்டு. மூச்சுத் திணறல் வந்து ஹெலிகாப்டர்ல எறக்கணும்னா அந்த ஒரு வரிதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். டூர் ஆபரேட்டர் "இன்சூரன்ஸ் பேக்கேஜ்லயே இருக்கு சார்"னு சொன்னா, சரிங்க, எத்தன மீட்டர் வரைக்கும், ஹெலிகாப்டர் செலவு சேர்த்தியான்னு கேட்டு எழுதி வாங்குங்க.

6. பெட்டி, ஃப்ளைட் லேட்டு, கேன்சல்

இத சுருக்கமா முடிச்சிடறேன். பெட்டி பெல்ட்ல வரலேன்னா ஏர்போர்ட்ட விட்டு வெளிய வராதீங்க. அங்கேயே ஏர்லைன் கவுண்டர்ல பிஐஆர்னு ஒரு ரிப்போர்ட் எழுதி நம்பர் வாங்கணும், அது இல்லாம இன்சூரன்ஸும் வராது ஏர்லைன் பணமும் வராது. ஏர்லைன் தர வேண்டிய நஷ்ட ஈடு தனி, இன்சூரன்ஸ் தனி. விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் சர்வதேச ஒப்பந்தப்படி ஏர்லைன் அதிகபட்சம் 1,519 எஸ்டிஆர் (ஐஎம்எஃப்போட கணக்கு அலகு), அதாவது ரெண்டாயிரம் டாலர் சொச்சம் வரைக்கும் பொறுப்பு. பெட்டி சேதமானா 7 நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும், லேட்டா வந்தா கைக்கு வந்த 21 நாளுக்குள்ள, 21 நாள் ஆகியும் வரலேன்னா தொலஞ்சதா கணக்கு. பெட்டி லேட்டுக்கு இன்சூரன்ஸ் குடுக்கறது அவசரத்துக்கு வாங்கின துணிமணி, சோப்பு, பிரஷ் மாதிரி சாமானுக்குத்தான், பில் இருந்தாத்தான். நகை, பணம், லேப்டாப் எல்லாம் செக்-இன் பெட்டில வெச்சு தொலச்சா எவனும் தர மாட்டான்.

ஃப்ளைட் லேட்டுக்கு இத்தன மணி நேரம் தாண்டணும்னு ஒரு வரம்பு இருக்கும், அதுக்கு ஏர்லைன் லெட்டர் வேணும். 2024 ஏப்ரல்ல துபாய்ல கொட்டின மழைல ஏர்போர்ட்டே தண்ணில நின்னு, அங்க ப்ளேன் மாற வேண்டிய நம்ம ஆளுங்க பலர் தரையில படுத்து கெடந்தாங்களே, அந்த மாதிரி நேரத்துல கவுண்டர்ல ஒரு லெட்டர் வாங்கறது நடக்கற காரியம் இல்ல. ஏர்லைன்லேர்ந்து வர்ற எஸ்எம்எஸ், மெயில் எதையும் அழிக்காதீங்க, ஃப்ளைட் நேரம் காட்டற போர்ட ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, லெட்டர ஊருக்கு வந்து மெயில்ல கேட்டு வாங்கிக்கலாம்.

கேன்சல் கவர்னா நெனச்சப்போ கேன்சல் பண்ணலாம்னு அர்த்தம் இல்ல. உடம்பு முடியல, நெருங்கின சொந்தத்துல சாவு, இப்படி பாலிசில எழுதின காரணத்துக்கு மட்டும்தான். விசா ரிஜெக்ட் ஆனா பெரும்பாலும் கிடையாது, சில கம்பெனி தனி ஆட்-ஆனா தருது. புயல் வரப் போறதுன்னு நியூஸ்ல வந்த பெறகு, ஸ்ட்ரைக் அறிவிச்ச பெறகு வாங்கின பாலிசிக்கும் அந்த காரணம் செல்லாது. 2010ல ஐஸ்லாந்து எரிமலை சாம்பலால ஐரோப்பா பூரா ப்ளேன் நின்னப்போ இந்த மாதிரி ஷரத்தெல்லாம் வெச்சு பெரிய தகராறே நடந்துச்சு. டிக்கெட் போட்ட கையோட இன்சூரன்ஸும் எடுக்க சொல்றது இதுக்குத்தான்.

நடுவுல ஒண்ணு, உள்ளூர் ரயிலுக்கும் இது உண்டு. ஐஆர்சிடிசில டிக்கெட் போடும்போது அம்பது பைசாவுக்கும் கம்மியா ஒரு இன்சூரன்ஸ் கேக்கும், ரயில் விபத்துல இறந்தா 10 லட்சம். டிக் பண்ணிடுவாங்க, அதுக்கப்புறம் மெயில்ல வர்ற லிங்க்ல போய் நாமினி பேர யாரும் போடறதில்ல. போடுங்க.

7. கிளம்பறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

பாலிசில பேர் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி எழுத்துக்கு எழுத்து இருக்கான்னு பாருங்க. நமக்கு இந்த இனிஷியல் தொல்லை உண்டு. ஆதார்ல ஒத்த எழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா விரிஞ்சு சர்நேம் கட்டத்துல உக்காந்திருக்கும், சிலருக்கு சர்நேமே காலியா இருக்கும். இன்சூரன்ஸ் ஆப் ஆதார்ல இருக்கறத இழுத்துப் போட்டுடும். ஷெங்கன் விசாவுக்கு குடுக்கும்போதே இது மாட்டும், இல்லேன்னா க்ளெய்ம்ல மாட்டும். பாஸ்போர்ட் நம்பர், பொறந்த தேதி, நாமினி எல்லாம் ஒரு தடவ சத்தமா படிச்சு சரி பாருங்க. புதுப்பிச்ச பாஸ்போர்ட்ல நம்பர் மாறியிருக்கும், அதையும் கவனிங்க.

ரெண்டு பிரிண்ட் எடுங்க. ஒண்ணு அப்பா கைப்பைல, ஒண்ணு ஊர்ல தங்கறவங்ககிட்ட. 24 மணி நேர உதவி நம்பர பெரிய எழுத்துல ஒரு சீட்டுல எழுதி பாஸ்போர்ட் கவர்ல வெச்சிடுங்க, அதோட பாலிசி நம்பர், சாப்பிடற மாத்திரை பேர், அலர்ஜி, அங்க இருக்கற பையன் நம்பர். ஃபோன் சார்ஜ் இல்லாம போனாலும் காயிதம் இருக்கும். அங்கயே தங்கற நாள் நீளும்னு தோணினா பாலிசி முடியறதுக்கு முன்னாடியே எக்ஸ்டென்ஷன் கேளுங்க, முடிஞ்ச மறுநாள் கேட்டா கிடைக்காது. நடுவுல ஒரு க்ளெய்ம் ஆகியிருந்தா நீட்டிக்க மறுக்கவும் செய்வாங்க.

8. ஒண்ணு நடந்துடுச்சுன்னா

நெஞ்சு வலி, பக்கவாதம், பெரிய அடின்னா மொதல்ல அமெரிக்கால 911, ஐரோப்பால 112. இன்சூரன்ஸ் எல்லாம் அப்புறம். கொஞ்சம் நிதானமான கேஸ்னா, காய்ச்சல், வாந்தி, சின்ன காயம்னா, ஆஸ்பத்திரிக்கு போறதுக்கு முன்னாடியே உதவி நம்பருக்கு கூப்பிடுங்க, பக்கத்துல எது நெட்வொர்க்ல இருக்குன்னு அவங்களே சொல்வாங்க. அமெரிக்கால இதுக்கெல்லாம் எமர்ஜென்சி ரூம் போக வேண்டாம், அர்ஜென்ட் கேர்னு தனியா க்ளினிக் இருக்கு, பில்லு பல மடங்கு கம்மி. அட்மிட் ஆனா எவ்ளோ சீக்கிரம் முடியுமோ தகவல் சொல்லிடணும், பாலிசில 24 மணி, 48 மணின்னு கெடு போட்டிருக்கும். கூப்பிட்டா ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் தருவாங்க, பேசினவர் பேர், நேரம் எல்லாம் சேத்து எழுதி வெச்சுக்கோங்க.

அட்மிட்டுக்கு பெரும்பாலும் கேஷ்லெஸ் கிடைக்கும், சும்மா டாக்டர பாத்துட்டு வந்தா கைக்காசு போட்டு ஊருக்கு வந்து வாங்கற மாதிரி இருக்கும். ஒவ்வொரு செலவும் தனித்தனியா போட்ட பில் கேட்டு வாங்குங்க, மொத்தமா ஒரு நம்பர் போட்ட பில்ல கம்பெனி ஏத்துக்காது. டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் சீட்டு, லேப் ரிப்போர்ட், பணம் கட்டின ரசீது, போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் காப்பி எல்லாம் கேப்பாங்க. போர்டிங் பாஸ நம்ம ஆளுங்க சீட் பாக்கெட்லயே விட்டுட்டு எறங்கிடுவாங்க. ஷெங்கன் நாடுங்கள்ல 2025 அக்டோபர்லேர்ந்து பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் குத்தறத விட்டு முகம், கைரேகை பதியற முறைக்கு மாறிட்டு வர்றாங்க, அப்போ நீங்க எந்த தேதில உள்ள போனீங்க வந்தீங்கன்னு காட்ட அந்த போர்டிங் பாஸ்தான் சுலபமான சாட்சி.

இறந்து போனா, சொல்லவே சங்கடமாத்தான் இருக்கு, ஆனா தெரிஞ்சு வெச்சிருக்கணும். உடல ஊருக்கு கொண்டு வர அந்த ஊர் இறப்பு சான்றிதழ், எம்பாமிங் சர்டிஃபிகேட், ரத்து பண்ணின பாஸ்போர்ட், இந்திய தூதரகத்தோட என்ஓசி எல்லாம் வேணும். இன்சூரன்ஸ் உதவி கம்பெனிக்கு சொல்லிட்டா இந்த ஏற்பாட்ட அவங்களே ஆள் வெச்சு செய்வாங்க, பணத்த விட அந்த நேரத்துல அந்த உதவிதான் பெருசு. அவங்ககிட்ட கேக்காம நீங்களா ஒரு ஏற்பாடு பண்ணிட்டு பில்ல நீட்டினா சிக்கலாகும், அதனால முதல் ஃபோன்களோட ஒண்ணா அதையும் செஞ்சிடுங்க.

9. க்ளெய்ம் தட்டிட்டா

மொத ரிஜெக்‌ஷன் லெட்டரோட ஓஞ்சு உக்காந்துடாதீங்க. எந்த ஷரத்துப்படி தள்ளினாங்கன்னு எழுத்துல கேளுங்க. கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்க. அதுல சரியாகலேன்னா இன்சூரன்ஸ் கம்பெனிங்கள கண்காணிக்கற ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா போர்ட்டல்ல புகார் பதியலாம். ஒரு மாசம் ஆகியும் கம்பெனி பதில் சொல்லலேன்னா, இல்ல சொன்ன பதில் திருப்தி இல்லேன்னா, இன்சூரன்ஸ் புகார விசாரிச்சு தீர்த்து வெக்கற ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், நமக்கு சென்னைலயே ஆபீஸ் இருக்கு. ஃபீஸ் கிடையாது, வக்கீல் வெக்க வேண்டியதில்ல, வெக்கவும் கூடாது, 50 லட்சம் வரைக்கும் உத்தரவு போடற அதிகாரம் இருக்கு. கம்பெனி மறுத்த தேதிலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும். பாலிசி காப்பி, நீங்க நிரப்பின ஃபார்ம் காப்பி, ரிஜெக்‌ஷன் லெட்டர், பில்லுங்க, மெயில் போக்குவரத்து, எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி ஒரு ஃபைல் போட்டு எடுத்துட்டு போங்க. அந்த ஃபார்ம் காப்பி ஆன்லைன்ல எடுத்தப்பவே டவுன்லோட் பண்ணி வெச்சிருந்தாத்தான் கைல இருக்கும், பணம் கட்டின அன்னிக்கே அத செஞ்சிடுங்க.